மணலுறை அணிந்த வேர்கள்

(பெர்த் நகரில் தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



காட்டுப்பூக்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்திருந்தீர்கள். செப்டம்பர் மாதம் வந்தால் இந்த ஊரே பூப் பார்க்கக் கிளம்புகிறது. நீங்களும் குழந்தைகளோடு போயிருப்பீர்கள். ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் செடியில் பூ இருப்பதே பலருக்குத் தெரியாது. இலையும் கண்ணுக்குத் தெரியாது. மணல்வெளியில், பாங்க்சியா மரங்களின் அடியில், விறைப்பான பச்சைத் தண்டுகளாகக் கொத்துக் கொத்தாக நிற்கும். உயரம் முழங்கால் அளவு, இடம் வாய்த்தால் இன்னும் சற்று அதிகம். அதன் பெயர் லிஜினியா பார்பாட்டா. தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் மணல் புதர்வெளிகளிலும் மணற்காடுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செடி இது.

பார்த்தவுடன் நம்மவர்கள் கோரை என்றுதான் சொல்வார்கள். பத்தமடைப் பாய்க்குக் கோரை தரும் தாமிரபரணிக் கரையைப் பார்த்தவர்களுக்கு அந்த நினைவு வருவது இயல்பு. ஆனால் கோரைக்கு ஈரம் வேண்டும். இது கோடை முழுவதும் மழையில்லாத மணலில் நிற்கிறது. கோரையும் புல்லும் இதற்குத் தூரத்து உறவுகள். இதன் சொந்தக் குடும்பம் ரெஸ்டியோனேசி. அந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 500 இனங்கள் உண்டு. மிகப் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கின்றன. நியூசிலாந்தில் சில, சிலியில் ஒன்று, தென்கிழக்கு ஆசியாவில் ஒன்று. இந்தியாவில் ஒன்றும் இல்லை. அதனால்தான் இதற்குத் தமிழில் பெயர் இல்லை.

இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு இலை சுருங்கி, தண்டின் கணுக்களைச் சுற்றிய பழுப்பு நிற உறையாகிவிட்டது. ஒளிச்சேர்க்கை முழுவதும் தண்டில்தான் நடக்கிறது. பரந்த இலையை விரித்து வைத்தால் கோடையில் நீர் பறந்துபோகும். தண்டை மட்டும் வைத்துக்கொண்டால் இழப்பு குறைவு. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகிறது. பூச்சியையோ பறவையையோ அழைக்க வேண்டிய தேவை இல்லாததால் பூவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பழுப்புக் கதிர் ஒன்று தண்டின் நுனியில் தெரியும், அவ்வளவுதான்.

இதை அறிவியல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் ராபர்ட் பிரவுன். மாத்யூ ஃபிளிண்டர்ஸ் தலைமையில் வந்த இன்வெஸ்டிகேட்டர் கப்பலின் தாவரவியலாளர் அவர். அந்தக் கப்பல் 1801 டிசம்பரில், இன்றைய ஆல்பனி ஊர் இருக்கும் கிங் ஜார்ஜ் சவுண்ட் விரிகுடாவில் நங்கூரமிட்டது. மூன்று வாரச் சொச்சத்தில் பிரவுன் சுமார் 500 தாவர இனங்களைச் சேகரித்தார். அது கோடைக்காலம், வசந்தத்தின் பூக்களெல்லாம் முடிந்துபோன நேரம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 1810-ல் லண்டனில் அவர் வெளியிட்ட ஆஸ்திரேலியத் தாவர நூலில் லிஜினியாவுக்கும் அதன் உறவுகள் பலவற்றுக்கும் பெயர் கிடைத்தது. நிறமில்லாத இந்தத் தண்டுகளையும் பாங்க்சியாவுக்குக் கொடுத்த அதே கவனத்தோடு பிரித்துப் பார்த்து எழுதியிருக்கிறார் என்பதற்காகவே பிரவுன் மீது எனக்குத் தனி மரியாதை.

அதற்குப் பிறகு இந்தச் செடிகளின் வகைப்பாட்டை ஒழுங்குபடுத்தியவர்கள் சிட்னித் தாவரவியல் பூங்காவின் பார்பரா பிரிக்ஸும் லாரி ஜான்சனும். லிஜினியாவில் மூன்று இனங்கள் உண்டு என்று பிரித்துக் காட்டி, அந்த மூன்றுக்கும் தனிக் குடும்பமே அமைத்தார்கள். அந்தக் கட்டுரை 2000-ல் வெளிவந்தது. ஜான்சன் 1997-லேயே மறைந்துவிட்டார். கட்டுரை இருவர் பெயரையும் தாங்கியே வந்தது. 2016-ல் வகைப்பாட்டு அறிஞர்கள் அந்தச் சிறு குடும்பத்தை மீண்டும் ரெஸ்டியோனேசிக்குள் சேர்த்துவிட்டார்கள்.

இனி மண்ணுக்குள் போவோம். நான் சொல்ல வந்த விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பெர்த் நகரம் மணல்மேடுகளின் மீது இருக்கிறது. கடற்கரையை ஒட்டிய குவிண்டலப் மேடுகள் இளையவை. அடுத்து ஸ்பியர்வுட். இன்னும் கிழக்கே, வெளுத்துப்போன பாசென்டீன் மேடுகள் மிகப் பழையவை. மணல் பழசாக ஆக, மழை அதிலுள்ள சத்துகளைக் கழுவிக்கொண்டே போகிறது. சுண்ணாம்பு போகிறது, பாஸ்பரஸ் போகிறது, கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் படிகக்கல் துகள். ஒரு விவசாயி இந்த மண்ணைக் கையில் எடுத்தால் கீழே போட்டுவிடுவார். ஆனால் இங்கிருந்து வடக்கே ஜூரியன் விரிகுடாப் பகுதியில், இளைய மேட்டிலிருந்து சுமார் 20 லட்சம் ஆண்டுப் பழமையுள்ள மேடு வரை வரிசையாக ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு: மண் ஏழையாக ஆக ஆகச் செடி இனங்களின் எண்ணிக்கை கூடுகிறது. ஏழை மண்ணில் எந்த ஒரு செடியும் ஓங்கி வளர்ந்து மற்றவற்றை அமுக்க முடியாது என்பது அதற்கு ஒரு காரணம். ஒவ்வொன்றும் சத்தைத் தேட ஒவ்வொரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. பாங்க்சியா மழைக்காலத்தில் மேல்மண்ணில் பஞ்சுத் திரள் போன்ற வேர்க்கொத்துகளை விட்டு, அமிலம் கசியவிட்டு, மணலில் ஒட்டியிருக்கும் பாஸ்பரஸைக் கரைத்து எடுக்கிறது.

லிஜினியாவின் வழி மணலுறை. அதன் வேரைத் தோண்டிப் பார்த்தால் வேர் தெரியாது. மணலால் செய்த கயிறு ஒன்று கையில் வரும். நெருக்கமான வேர்த்தூவிகளும் அவை சுரக்கும் பசையும் சேர்ந்து மணல் துகள்களைக் கட்டி, வேரைச் சுற்றிலும் ஒரு சட்டையாக்கி வைத்திருக்கின்றன. உதறினாலும் எளிதில் உதிராது. பொதுவாக வேர்த்தூவி குறுகிய ஆயுள் உள்ளது. இங்கே வேர் முற்றிய பிறகும் அந்தச் சட்டை அதோடு நிலைத்திருக்கிறது.

மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஷேன், ஜான் பேட், ஹான்ஸ் லாம்பர்ஸ் உள்ளிட்டோர் இந்த வேரைக் காட்டிலேயே வைத்து ஆராய்ந்து 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதை வாசித்த நாள் முதல் இந்தச் செடியை நான் கடந்து போக முடிந்ததில்லை. அவர்கள் கண்டது இது. கோடை வருவதற்கு முன்பே வேர் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. வெயில் வந்து தாக்கி நின்றுபோவதில்லை. முன்கூட்டியே, தானாக உறக்கத்துக்குப் போகிறது. சுவாசத்தைக் குறைத்துக்கொள்கிறது. புரதத்தைக் குறைத்துக்கொள்கிறது. சர்க்கரையையும் புரோலின் போன்ற பொருள்களையும் உள்ளே சேர்த்து வைத்துக்கொள்கிறது. இவை வறட்சியிலும் வெப்பத்திலும் உயிரணுக்களைக் காக்கக்கூடியவை. சுற்றிலும் மணல் காய்ந்து கிடக்கும்போது அந்த வேருக்குள் ஏறக்குறைய 70 விழுக்காடு நீர் இருந்தது. மணலுறை அதற்கு ஒரு காரணம். ஆழத்து ஈரத்தில் நிற்கும் வேர்கள் கொஞ்சம் நீரை மேல் வேர்களுக்கு அனுப்பி வைப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

இந்த மண்ணின் மக்களான நூங்கார்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறார்கள். பிராக், புனுரு என்ற இரண்டும் வெயிற்பருவங்கள். மகுரு, ஜூன் ஜூலையில் வரும் குளிரும் மழையும் உள்ள பருவம். பிராக்கிலும் புனுருவிலும் லிஜினியாவின் வேர் உறங்குகிறது. குளிர்காலத்தில் அதே வேர், விட்ட இடத்திலிருந்து, அதே நுனியிலிருந்து மீண்டும் வளரத் தொடங்குகிறது. புதிய வேர் விட்டுப் புதிதாகத் தொடங்குவதில்லை. சராசரி வேகம் நாளுக்கு 2.3 மில்லிமீட்டர். இப்படியே போய்க் கடைசியில் 2 முதல் 4 மீட்டர் ஆழத்தைத் தொடுகிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 2.3 மில்லிமீட்டர் என்றால், ஆண்டில் ஆறு மாதம் தடையில்லாமல் வளர்ந்தாலும் 40 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். 2 மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ ஐந்து குளிர்காலம் வேண்டும். 4 மீட்டர் என்றால் பத்துக்கு அருகில். இது நான் போட்ட தோராயக் கணக்கு. ஆனால் நடைபாதையோரம் நிற்கும் ஒரு கொத்துத் தண்டுக்குக் கீழே, ஒரு பள்ளிக் குழந்தையின் வயதளவு குளிர்காலங்கள் மண்ணில் இறங்கியிருக்கின்றன என்பதை இது காட்டுகிறது. அந்த ஆண்டுகளை யாரும் பணம் கொடுத்து வாங்க முடியாது. நாற்றங்காலில் வளர்த்து நடவும் முடியாது. இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

இதே குடும்பத்தின் ஆப்பிரிக்கச் சொந்தங்களைப் பற்றியும் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன், ஏனென்றால் மனிதனுக்கு நேரடிப் பயன் என்ன என்று எப்போதும் ஒருவர் கேட்பார். தென்னாப்பிரிக்காவின் தெற்குக் கரையில் ஆல்பர்டினியா, ஸ்டில்பாய் வட்டாரத்தில் தாம்னோகார்ட்டஸ் இன்சிக்னிஸ் என்ற இனம் உண்டு. அங்கே அதன் பெயர் டெக்ரீட், அதாவது கூரை வேயும் நாணல். வெட்டிக் காயவைத்துக் கட்டுகளாக அடுக்கி வேய்ந்தால் அந்தக் கூரை பல பத்தாண்டுகள் தாங்கும். இன்றும் அது ஒரு தொழில்.

இன்னொரு சொந்தம் செரட்டோகேரியம் ஆர்ஜென்டியம். அதன் விதை உருண்டையாக, பழுப்பாக, மான் புழுக்கை போலவே இருக்கும். நாற்றமும் அப்படியே. சாண வண்டு ஏமாந்து அதை உருட்டிக்கொண்டு போய் மண்ணில் புதைத்துவிடுகிறது. வண்டுக்கு அதில் தின்ன ஒன்றும் இல்லை, முட்டையிட வழியும் இல்லை. செடிக்கு மட்டும் இலவசமாக விதைப்பு நடந்துவிடுகிறது. கேப் டவுன் ஆய்வாளர்கள் டி ஹூப் காப்பகத்தில் இதைக் கண்டறிந்து 2015-ல் எழுதினார்கள். விதையை எடுத்துப் போகும் கொறிக்கும் பிராணிகள் எவை என்று பார்க்கத்தான் அவர்கள் போனார்கள். கேமராவில் பதிவானது வண்டு.

தீயைப் பற்றியும் பேச வேண்டும், தீ இல்லாமல் இந்த நிலத்தைப் புரிந்துகொள்ள முடியாது. நூங்கார் மக்கள் காலங்காலமாக, அறிந்து, அளவோடு இந்த நிலத்தை எரித்து வந்தவர்கள். ரெஸ்டியோக்கள், அதாவது ரெஸ்டியோனேசிக் குடும்பத்துச் செடிகள், காட்டும் இரண்டு போக்குகளை ஜான் பேட், கேத்தி மெனி, கிங்ஸ்லி டிக்ஸன் மூவரும் 1991-ல் பிரித்துக் காட்டினார்கள். சில இனங்கள் தீயில் செத்துப்போய் விதையிலிருந்து மட்டுமே திரும்பி வருகின்றன; அவை வேகமாக வளர்கின்றன. மற்றவை மண்ணுக்கடியில் இருக்கும் மட்டநிலத் தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கின்றன. அவை மெதுவாக வளர்கின்றன, நீண்ட காலம் வாழ்கின்றன, விதைக்காக அதிகம் செலவழிப்பதில்லை. மேலே எல்லாம் கரியான பிறகும் கீழே வேரும் தண்டும் உயிரோடு இருப்பதால்தான் அடுத்த மழைக்கு மணல் ஓடாமல் நிற்கிறது. விதைகளை எழுப்புவது தீயின் சூடு மட்டும் அல்ல, புகையும்தான் என்பது 1990-ல் தென்னாப்பிரிக்காவில் முதலில் தெரியவந்தது. அந்தப் புகையில் வேலை செய்யும் பொருள் எது என்பதை 2004-ல் இந்த ஊர் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். கேரிக்கின் என்று அந்தப் பொருள்களுக்கு நூங்கார் மொழியிலிருந்தே பெயர் வைத்தார்கள்.

புகையைக் கண்டுபிடித்த பிறகு காட்டுச் செடிகள் பலவற்றை வளர்ப்பது எளிதாயிற்று. ஆனால் ரெஸ்டியோக்கள் அவ்வளவு எளிதில் பணியவில்லை. பல இனங்கள் கொடுக்கும் விதை குறைவு. அதிலும் உயிருள்ளது குறைவு. உயிருள்ளதும் முளைக்க மறுக்கிறது. எனேபாவில் கனிம மணல் எடுத்த இடங்களையும் ஜாரா காட்டில் பாக்சைட் எடுத்த இடங்களையும் மீட்க முயன்றவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். அக்கேசியா வருகிறது, யூகலிப்டஸ் வருகிறது, சில பாங்க்சியாக்களும் வருகின்றன. கோரை போன்ற இந்தச் செடிகள்தான் கடைசிவரை வர மறுக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு முறையில் ஒவ்வொரு செடியாக உருவாக்கி நட வேண்டியிருக்கிறது. மேல்மண்ணை மெல்லச் சுரண்டிப் புது இடத்தில் பரப்பும் முறை நல்ல முறைதான், விதைகள் பெரும்பாலும் மேல் 10 சென்டிமீட்டருக்குள் இருப்பதால். ஆனால் விதையை நம்பாத செடிக்கு அதனால் என்ன பயன்? அதன் சேமிப்பு முழுவதும் மட்டநிலத் தண்டிலும் ஆழ வேரிலும் இருக்கிறது. இயந்திரம் முதலில் அறுப்பது அவற்றைத்தான்.

மீட்டுவிட்டோம் என்று காட்டும் படங்களைப் பார்க்கும்போது நான் மரத்தைப் பார்ப்பதில்லை. மரங்களுக்கு நடுவில் உள்ள தரையைப் பார்க்கிறேன். அங்கே வெறும் மணலோ களைப்புல்லோ தெரிந்தால் அந்த வேலை இன்னும் பாதிகூட முடியவில்லை என்றுதான் சொல்வேன்.

ஸ்வான் கடற்கரைச் சமவெளியின் பாங்க்சியா காடுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு போய்விட்டது. மிஞ்சியதை ஆஸ்திரேலிய மத்திய அரசு 2016 செப்டம்பரில் அழியும் அபாயத்தில் உள்ள வாழிடம் என்று பட்டியலிட்டது. அதற்கு முன்பே, 2000-ல், மாநில அரசு புஷ் ஃபாரெவர் என்ற திட்டத்தில் பெர்த் பெருநகரில் 287 இடங்களை, சுமார் 51,200 ஹெக்டேர் பரப்பைக் காக்கத்தக்கவை என்று குறித்தது. இவையெல்லாம் காகிதத்தில் இருந்தும், 2016 டிசம்பரில் பீலியார் ஈரநிலப் பகுதியில் ரோ 8 நெடுஞ்சாலைக்காகக் காட்டை அழிக்கத் தொடங்கினார்கள். மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2017 மார்ச் தேர்தலில் ஆட்சி மாறியது, வேலை நின்றது. அழிக்கப்பட்டது சில மாதங்களில். மீட்பதற்குப் போட்ட திட்டம் பத்தாண்டுக்கானது. வேரின் கணக்கை வைத்துப் பார்த்தால் அந்தப் பத்தாண்டும் தொடக்கம்தான்.

மழையும் குறைந்து வருகிறது. 1970-க்குப் பிறகு தென்மேற்கின் குளிர்கால மழை அதற்கு முந்தைய அளவைவிட 15 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது. நகருக்குக் கீழே நிலத்தடி நீரும் இறங்குகிறது. குளிர்காலத்தை நம்பி மட்டுமே வளரும் வேருக்கு, குளிர்காலம் சுருங்குவது எவ்வளவு பெரிய இழப்பு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பைட்டோப்தோரா என்ற வேரழுகல் நோயோ வேறு வகையில் இந்தக் காட்டை மாற்றுகிறது. அது பாங்க்சியாக்களைக் கொல்கிறது. கோரை போன்ற செடிகள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன. நோய் கண்ட இடங்களில் புதர்கள் செத்துப்போய், தரையைப் பிடித்துக்கொண்டு மிஞ்சி நிற்பவை இவைதாம். செருப்பில் ஒட்டிய மண்ணே அந்த நோயைக் கொண்டுபோகும். காட்டுப் பாதையில் செருப்பு கழுவும் இடம் வைத்திருந்தால் தவறாமல் கழுவிவிட்டுப் போங்கள். பாதையை விட்டும் விலகாதீர்கள்.

கடைசியாக, உங்களால் நேரடியாகச் செய்யக்கூடிய ஒரு வேலை. இந்த நகரின் காட்டுத் துண்டுகளில் பெரிய தொல்லை வெல்ட் புல். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த களை அது. கோடையில் காய்ந்து சருகாகி, தீ அடிக்கடி வரவும் வேகமாகப் பரவவும் வழி செய்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் தன்னார்வலர்கள் கூடி அதைப் பிடுங்குகிறார்கள். வசந்தத்தில் அது விதை தள்ளுவதற்கு முன்பு, குளிர்காலத்திலேயே பிடுங்க வேண்டும். மண் ஈரமாக இருப்பதால் வேரோடு வரும். ஆனால் புதிதாக வருபவர்கள் களை என்று நினைத்து ரெஸ்டியோவையும் பிடுங்கிவிடுகிறார்கள். வேறுபாடு எளிது. ஒரு தண்டை விரலிடையே பிடித்து அடியிலிருந்து நுனிவரை உருவிப் பாருங்கள். தட்டையான பச்சை இலை பிரிந்து வந்தால் அது ரெஸ்டியோ அல்ல; வெல்ட் புல்தான் என்று உறுதியானால் பிடுங்கலாம். இலையே இல்லாமல், கணுவில் பழுப்பு உறை மட்டும் தண்டை இறுகச் சுற்றியிருந்தால் கையை எடுத்துவிடுங்கள். பிடுங்கும்போது மணலைக் கிளறாதீர்கள். புல்லின் அடியை மட்டும் பிடித்து மெல்ல இழுத்தால் போதும். சிறு கத்தி ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது. குழந்தைகளையும் அழைத்து வாருங்கள், அவர்களுக்கு இந்த வேறுபாடு பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும். ஜூன் மாதத்தில் வேலை தொடங்குகிறது. வர விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.